அடுத்த களத்தில் நம் நரேன்

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்கு இறங்கும் சாலையில், முன்னால் போகிற காரை ஓட்டுவது மலைக்காரரா கீழ்நாட்டுக்காரரா என்று தெரிந்துகொள்ள நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பிரேக் விளக்கைப் பார்த்தால் போதும். கீழ்நாட்டு வண்டியில் அது அணையவே அணையாது. வளைவுக்கு முன்னால் ஒரு மிதி, வளைவுக்குள் ஒரு மிதி, எதிரே அரசு பஸ்ஸின் மூக்கு தெரிந்தால் பதறி இன்னொரு மிதி. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும். மலைக்காரர் கியரைக் குறைத்து இஞ்சின் பிடிப்பிலேயே இறங்குவார். ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவார். ஊட்டியில் வெயில் அடித்தாலும் குந்தா பக்கம் மழை கொட்டும் என்று முன்கூட்டியே அறிந்திருப்பார். 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை வாங்கிய ஊர் அவலாஞ்சி.

அதற்காகக் கீழ்நாட்டுக்காரர் மோசமான ஓட்டுநர் என்று சொல்லிவிட முடியாது. நெடுஞ்சாலையில் அவருக்கு நிகர் அவரே. இங்கே சாலை வேறு, சட்டம் வேறு, அவ்வளவுதான். (அவலாஞ்சி சோதனைச் சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் போக வேண்டுமென்றால் எப்பேர்ப்பட்ட சூரருக்கும் ஸ்டியரிங் கிடையாது. வனத்துறை வண்டியில் ஏறி உட்கார வேண்டியதுதான்.)

உலகின் தலைசிறந்த கார் பந்தய வீரர்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. தன் களத்தில் ராஜாவாக இருப்பவர் அடுத்த களத்தின் புகழ்பெற்ற பந்தயத்துக்குப் போய் எல் போர்டு மாட்டிக்கொண்டு நிற்கும் காட்சி மோட்டார் பந்தய உலகில் நெடுநாளாக நடந்துவருகிறது. அந்த வரிசையில் நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். அவர் கதையில் வெற்றி உண்டு, அவமானம் உண்டு, நம்பவே முடியாத ஓர் அபத்தமும் உண்டு.

நரேன் கார்த்திகேயனை ‘இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர்’ என்றுதான் நமக்குத் தெரியும். 1977-ஆம் ஆண்டு பொங்கலன்று பிறந்தவர். தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் ராலி பந்தயங்களில் தேசிய சாம்பியன். கோவையில் எஸ்.கரிவரதன் போன்றவர்கள் மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காரில், ஸ்ரீபெரும்புதூர் தடத்தில், முதல் பந்தயத்திலேயே மேடையேறியவர் நரேன். பிறகு பிரான்ஸில் பயிற்சி, 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டம், பிரிட்டனில் ஃபார்முலா 3, கடைசியில் 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1 இருக்கை. அந்த ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். மிஷெலின் டயர் பிரச்சினையால் 6 கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது என்பதை ஒவ்வொரு முறையும் யாராவது நினைவூட்டிவிடுவார்கள். நானும் நினைவூட்டிவிட்டேன், போகட்டும்.

இந்த வாழ்க்கைக் குறிப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு நடந்ததை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

2009 ஜூன். பிரான்ஸின் லெ மான்ஸ். 1923-இலிருந்து நடக்கும் 24 மணி நேரப் பந்தயம். ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் லாரியும் டிராக்டரும் போகும் பொதுச் சாலை. ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். வேகமான முன்மாதிரிக் கார்களும் அவற்றைவிட மெதுவாகப் போகும் ஜி.டி. கார்களும் ஒரே தடத்தில் ஓடும். ஃபார்முலா 1-இல் முன்னால் போகிறவர் உங்கள் எதிரி. இங்கே முன்னால் போகிறவர் வேறு பிரிவில், வேறு பந்தயம் ஓடிக்கொண்டிருப்பவர். அவரை இருட்டில், மழையில், விடிய விடியத் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தடத்தின் ஒரு கோடியில் ஈரம், மறு கோடியில் காய்ந்த தரை என்பதெல்லாம் அங்கே சர்வ சாதாரணம். அந்த ஆண்டு வென்ற பெஜோ கார் ஓடிய தூரம் 5,200 கிலோமீட்டருக்கு மேல்.

நரேனுக்கு இருக்கை கொடுத்தவர் கொலின் கோலஸ். ருமேனியாவில் பிறந்த ஜெர்மானியர். படித்தது பல் மருத்துவம், நடத்தியது பந்தய அணிகள். 2005-இல் நரேன் ஓட்டிய ஜோர்டான் அணியை நிர்வகித்தவரும் அவரே. கோலஸ் அணி வாங்கியிருந்தது ஆடி ஆர்10 என்ற டீசல் கார். 5.5 லிட்டர், 12 சிலிண்டர். 2006, 2007, 2008 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லெ மான்ஸை வென்ற ரகம். ஆடி தன் சொந்த அணிக்குப் புதிய ரகத்தைச் செய்துகொண்டு பழையதைத் தள்ளிவிட, அது கோலஸிடம் வந்தது. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் ராஜா வீட்டுச் செகண்ட் ஹேண்ட். நரேனோடு அந்த 14-ஆம் எண் காரைப் பகிர்ந்துகொள்ள இருந்தவர்கள் இருவர். ஒருவர் நெதர்லாந்தின் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன். இன்னொருவர் ஜப்பானில் ஓட்டிக்கொண்டிருந்த ஜெர்மானியர் ஆந்த்ரே லோட்டரர். லோட்டரரை அப்போது ஐரோப்பாவில் பலருக்குத் தெரியாது.

இந்தியர் எவரும் அதுவரை லெ மான்ஸ் ஓடியதில்லை. நரேன் முதல்வராக இருந்திருக்க வேண்டும்.

பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், பிட் சுவரிலிருந்து குதித்து இறங்கியபோது நரேனின் தோள்மூட்டு விலகிவிட்டது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நேர்ந்த விபத்து அல்ல. இடுப்புயரச் சுவர். நம் வீட்டுப் பிள்ளைகள் தினமும் குதிக்கிற சுவர். அதோடு பந்தயம் முடிந்தது, அவருக்கு மட்டும். எத்தனை இரும்புச் சட்டமும் கார்பன் கூடும் ஹெல்மெட்டும் போட்டு ஓட்டுநரைக் காப்பாற்றுகிறார்கள். காருக்கு வெளியே அவரும் நம்மைப் போலத்தான்.

மிச்சக் கதைதான் இன்னும் வேடிக்கை. மூவர் ஓட்ட வேண்டிய காரை லோட்டரரும் ஸ்வோல்ஸ்மனும் இருவராகவே 24 மணி நேரமும் ஓட்டினார்கள். ஏழாவதாக முடித்தார்கள். கோலஸின் இன்னொரு கார் மூன்று ஓட்டுநர்களோடு ஓடி ஒன்பதாவதாகத்தான் வந்தது. அந்த ஓட்டம் ஆடி நிறுவனத்தின் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே லோட்டரரைத் தன் சொந்த அணியில் சேர்த்துக்கொண்டது. 2011, 2012, 2014 என்று மூன்று முறை லெ மான்ஸ் கோப்பையைத் தூக்கினார் லோட்டரர். நரேன் அன்று சுவரிலிருந்து ஒழுங்காக இறங்கியிருந்தால் லோட்டரரின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும்? திறமைசாலிதான், வேறொரு வழியில் வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் நரேனின் தோள் அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதே லோட்டரர் 2014-இல் எதிர்த் திசையில் ஒரு பயணம் போனார். லெ மான்ஸ் சாம்பியனான கையோடு, பெல்ஜியத்தில் கேட்டர்ஹாம் அணிக்காக ஒரே ஒரு ஃபார்முலா 1 பந்தயம். தகுதிச் சுற்றில் சக அணிக்காரர் மார்கஸ் எரிக்சனைவிட வேகம். பந்தயத்திலோ கார் ஒரு சுற்றைத் தாண்டவில்லை. அவரது ஃபார்முலா 1 வாழ்க்கையின் மொத்த நீளமே அதுதான்.

லெ மான்ஸில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயர் கடைசியில் இன்னொரு தமிழ்நாட்டுக்காரருக்குப் போனது. சென்னையின் கருண் சந்தோக். தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து தொடரும் பரம்பரை. 2012-இல் ஜே.ஆர்.எம். அணியின் ஹோண்டா காரில் டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் இருவரோடும் சேர்ந்து ஓட்டி, ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தார். நரேன் குதித்த அந்த 2009 பந்தயத்தை வென்றவர்களில் ஒருவர்தான் இந்த டேவிட் பிராபம். வழி தெரிந்தவர் பக்கத்தில் இருந்தார் என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும்.

ஏனென்றால் அடுத்த களத்துக்குப் போய்த் தோற்றவர்களின் கதைகளைப் பார்த்தால், பெரும்பாலும் கை தோற்பதில்லை. சுற்றியிருப்பவர்களின் அறியாமைதான் தோற்கிறது. இதற்கு ஃபெர்னாண்டோ அலோன்சோவைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரண்டு முறை ஃபார்முலா 1 உலக சாம்பியன். மொனாக்கோ, லெ மான்ஸ், இண்டியானாபொலிஸின் இண்டி 500 ஆகிய பந்தயங்கள் மூன்றையும் வென்றவர் வரலாற்றிலேயே ஒருவர்தான், பிரிட்டனின் கிரஹாம் ஹில். 1966-இல் இண்டியையும் 1972-இல் லெ மான்ஸையும் வென்று கணக்கை முடித்தவர். அந்த இடத்தைப் பிடிக்கத்தான் அலோன்சோ கிளம்பினார். 2017-இல் மொனாக்கோ பந்தயத்தையே விட்டுவிட்டு இண்டியானாபொலிஸ் போனார். நீள்வட்டத் தடம், எப்போதும் இடப்பக்கம்தான் திருப்பம், வாழ்நாளில் ஓட்டிப் பழகாத வகை. ஆனால் கார் ஆண்ட்ரெட்டி அணியுடையது. அந்த ஊரின் ஒவ்வொரு காற்றடிப்பும் தெரிந்த குழு. ஐந்தாவது இடத்திலிருந்து தொடங்கி 27 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். 21 சுற்றுகள் மிச்சமிருக்கும்போது இஞ்சின் புகைந்தது. அன்று வென்றது அதே அணியின் டகுமா சாட்டோ. 2000-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3-இல் நரேனோடு ஒரே களத்தில் மோதியவர்! சாட்டோ ஃபார்முலா 1-இல் பெரிதாகச் சோபிக்கவில்லை. அடுத்த களத்தில் வேர்விட்டு, 2020-இல் மறுபடியும் இண்டியை வென்றார்.

அலோன்சோ 2019-இல் மீண்டும் போனார். இந்த முறை மெக்லாரன் தானே அணியைக் கட்டியது. பழகியவர்கள் வேண்டாம், நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு. சோதனை ஓட்டத்துக்கு ஸ்டியரிங் சக்கரம் தயாராகவில்லை. காரின் ஆரஞ்சு நிறம் பொருந்தவில்லை என்று திரும்ப வண்ணமடிக்கப் போனது. எல்லாவற்றுக்கும் சிகரமாக, பிரிட்டிஷ் அளவையை மெட்ரிக்குக்கு மாற்றும் கணக்கில் பிழை ஏற்பட்டது. கியர் விகிதமும் தவறாகிப்போனது. பந்தயத்துக்கு 33 கார்கள்தான். கடைசி இடத்தை, சின்னஞ்சிறு ஹுன்கோஸ் அணியின் கைல் கைசர் தட்டிக்கொண்டு போனார். வித்தியாசம் மணிக்கு 0.019 மைல். உலக சாம்பியன் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. அதே மனிதர் 2018-லும் 2019-லும் டொயோட்டாவின் தேர்ந்த குழுவோடு லெ மான்ஸை வென்றிருக்கிறார். கை ஒன்றுதான்.

நிகோ ஹுல்கென்பர்க்கும் அப்படித்தான். ஃபார்முலா 1-இல் ஒரு மேடை கூட ஏறாமல் இருந்த காலத்தில், 2015-இல் போர்ஷேயில் முதல் முறையாக லெ மான்ஸ் போய் வென்று வந்தார். அப்போது அவர் ஓட்டிக்கொண்டிருந்தது இந்திய உரிமையாளரின் ஃபோர்ஸ் இந்தியா அணிக்கு. ஃபோர்ஸ் இந்தியா வழியாக ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் போன இந்திய ஓட்டுநர் ஒருவர்கூட இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

அலோன்சோவையும் நரேனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது, திறமைக்காகச் சொல்லவில்லை. அலோன்சோ அடுத்த களத்துக்குப் போனது மகுடத்துக்காக. நரேன் போனது பிழைப்புக்காக. ஃபார்முலா 1 இருக்கைக்கு அணிகள் கேட்ட கோடிகளை இந்தியாவில் திரட்டுவது ஒவ்வோர் ஆண்டும் யுத்தம். டாடா போன்ற ஆதரவாளர்கள் இருந்தும் 2005-க்குப் பிறகு இருக்கை கிடைக்கவில்லை. 2006, 2007-இல் வில்லியம்ஸில் சோதனை ஓட்டுநர். பந்தயம் ஓட வேண்டும் என்ற பசி இருக்கிறவர், கதவு எங்கே திறந்திருக்கிறதோ அங்கே போகத்தானே வேண்டும்? ஏ1 ஜி.பி.யில் இந்தியக் கொடியோடு ஓடி, 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் வென்றார். அணிக்கு அதுதான் முதல் வெற்றி.

அந்த வரிசையில் மிகத் துணிச்சலான காரியம் 2010-இல் அவர் அமெரிக்கா போனது. நாஸ்கார். அதிலும் பிக்கப் டிரக் தொடர்! ஃபார்முலா 1 ரசிகர்கள் மூக்கைச் சுளிக்கும் பந்தயம் அது. சுளித்தவர்கள் ஒரு முறை மார்ட்டின்ஸ்வில் தடத்தைப் பார்க்கட்டும். ஒரு சுற்று 850 மீட்டர் கூட இல்லை. இரண்டு நேர்க்கோடுகளை இரண்டு இறுக்கமான வளைவுகள் இணைக்கின்றன. 1940-களிலிருந்து பந்தயம் நடக்கும் பழம்பெரும் களம். வென்றவருக்குக் கோப்பைக்குப் பதில் ஆளுயரக் கடிகாரம் கொடுப்பார்கள். 36 டிரக்குகள் முட்டி மோதிக்கொண்டு 250 சுற்று. ஃபார்முலா காரில் முன் இறக்கை லேசாக உரசினாலே ஓட்டம் கெட்டுவிடும். இங்கே பின்னாலிருந்து ஒரு இடி இடித்துத்தான் ‘ஒத்திக்கோ தம்பி’ என்று சொல்வார்கள். அரங்கின் கூரை மேல் ஒருவர் நின்றுகொண்டு, பக்கத்தில் யார் வருகிறார், எங்கே இடம் இருக்கிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓட்டுநர் தன் கண்ணைவிட அந்தக் குரலை நம்பிப் பழக வேண்டும். சிறு வயது முதல் தன் கண்ணையே நம்பி வளர்ந்த ஒருவருக்கு இது எளிதல்ல.

மார்ச் மாதம், வைலர் அணியின் டிரக்கில், அந்த மார்ட்டின்ஸ்வில்லில்தான் நரேன் அறிமுகமானார். 13-ஆவதாக முடித்தார். நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்றில் ஓடிய முதல் இந்தியர். என் கணிப்பில், அந்த 13-ஆம் இடம் இண்டியானாபொலிஸின் 4-ஆம் இடத்தைவிட மேலானது. இங்கே எல்லோரும் ஓடினார்கள், எல்லோரும் இடித்தார்கள். ஆண்டு இறுதியில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ‘மிகவும் பிரபலமான ஓட்டுநர்’ விருதும் அவருக்குக் கிடைத்தது. கடலுக்கு இப்பாலிருந்தும் நிறைய வாக்குகள் போயிருக்கும் என்பது என் ஊகம். எப்படியோ, அமெரிக்காவின் டிரக் பந்தயத்தில் ஒரு கோவைக்காரர் மக்கள் அபிமானம் பெற்றார். அதே ஆண்டு இங்கே பத்மஸ்ரீயும் வந்தது.

பிறகு 2011-லும் 2012-லும் எச்.ஆர்.டி. என்ற கடைசி வரிசை அணியில் மறுபடியும் ஃபார்முலா 1. புத் தடத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரியில் அவர் ஓடியது அந்த நாட்களில்தான். அதைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய நரேன். 2014-இல் ஜப்பான் போய்விட்டார். 2001-இல் இளைஞனாக ஒரு முறை ஓடிவிட்டு வந்த நாடு. முப்பத்தேழு வயதில் சூப்பர் ஃபார்முலாவில் புதிதாகத் தொடங்கினார். எதிரே யார்? லோட்டரர்! சுவரும் தோளும் பிரித்த இருவர் ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரே வரிசையில் நின்றார்கள்.

2019-இல் மறுபடியும் தாவல். ஒற்றை இருக்கைக் காரை விட்டுவிட்டுக் கூரை போட்ட சூப்பர் ஜி.டி. முன்னாள் ஃபார்முலா 1 வீரர் சடோரு நகாஜிமாவின் அணி, ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். கார். அந்த நவம்பரில் ஃபுஜி தடத்தில் ஓர் அபூர்வம் நடந்தது. ஜப்பானின் சூப்பர் ஜி.டி. கார்களையும் ஜெர்மனியின் டி.டி.எம். கார்களையும் ஒரே பந்தயத்தில் மோத விட்டார்கள். ‘கனவுப் பந்தயம்’ என்றே பெயர் வைத்தார்கள். இரண்டு நாட்டு வாகன நிறுவனங்களின் தன்மானம் நடுவில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை வென்றவர் ஜப்பானியரும் இல்லை, ஜெர்மானியரும் இல்லை. 42 வயது நரேன் கார்த்திகேயன்.

இதைத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் நம்மில் எத்தனை கை எழும்?

கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் இருக்கும் தடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் அநேகமாக எல்லோரும் கேட்பது ஒன்றே: “ஃபார்முலா 1 போக முடியுமா?” ஃபார்முலா 1-இல் இருப்பவை இருபது சொச்சம் இருக்கைகள். இதுவரை அங்கே பந்தயம் ஓடிய இந்தியர்கள் இருவரே; இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த இருவருமே அடுத்த களங்களுக்குப் போய்த்தான் தங்கள் ஓட்டுநர் வாழ்க்கையை நீட்டித்துக்கொண்டார்கள். கருண் 2012-க்குப் பிறகு 2017 வரை பலமுறை லெ மான்ஸ் ஓடினார். பெங்களூரின் அர்ஜுன் மைனி ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் திரும்பி 2019-இல் லெ மான்ஸ் போனார். 2021-இல் நரேன், அர்ஜுன், நவீன் ராவ் மூவரும் சேர்ந்து முழு இந்திய அணியாகவே ஆசிய லெ மான்ஸ் தொடரில் ஓடினார்கள். மாற்று வழி என்று இதைச் சொல்வதே தவறு. நம் பிள்ளைகளுக்கு இதுதான் பிரதான சாலை. சீக்கிரம் சொல்லிக்கொடுத்தால் நல்லது. ஒற்றை இருக்கைக் காருக்குக் கோடிகளைக் கொட்டிக் கடனாளியான பிறகு சொல்லிப் பயனில்லை.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, தமிழ்நாட்டில் பலர் முதல் முறையாக இப்படியொரு நெடுந்தூரப் பந்தயம் இருப்பதையே அறிந்தார்கள். பட்டாசு வெடித்தார்கள், வெடிக்கட்டும். அதே ஆண்டு அந்த அணியில் நரேனும் ஆசிய லெ மான்ஸ் தொடருக்காக இணைந்தார் என்ற செய்திக்கு அந்த அளவு சத்தம் இல்லை.

அஜித்துக்காகப் பார்க்க வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடாதீர்கள். லெ மான்ஸ் ஆண்டுதோறும் பெரும்பாலும் ஜூன் நடுவில், ஒரு சனிக்கிழமை தொடங்கும். சமீப ஆண்டுகளில் நம் நேரப்படி இரவு ஏழரை மணிக்கு. 24 மணி நேரமும் விழித்திருக்கத் தேவையில்லை. நமக்கு நள்ளிரவு ஒன்றரை மணி ஆகும்போதுதான் அங்கே இருட்டத் தொடங்கும். அப்போது ஒரு மணி நேரம் பாருங்கள், காருக்குள் இருக்கும் கேமராவின் காட்சி வரும்போது குறிப்பாக. 2009-இல் நம்மூர்க்காரர் ஒருவர் எதைத் தவறவிட்டார் என்பது புரியும்.